ஏட்டுச் சுரைக்காயும் இளம் வழக்கறிஞரும்

(பொம்மனஹள்ளி ரயில்வே எழுத்தர் ஒருவர் எழுதியது)

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். ஐந்தாண்டு சட்டம் பயின்று, பட்டமும் கறுப்பு அங்கியும் பெற்று, முதல் நாள் நீதிமன்றத்துள் நுழையும் இளைஞர், எந்தத் தாளை எந்த மேசையில் கொடுப்பது என்று அறியாமல் திகைத்து நிற்பாராயின், அந்தப் பழமொழியைச் சொல்லி நகைப்பது எளிது. அவருக்குச் சமையற்கட்டைக் காட்டியவர் யார் என்று கேட்பதுதான் அரிது. அக்கேள்வியைக் கேட்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். நான் பத்தாம் வகுப்பு மட்டும் தேறிய குமாஸ்தா. சட்டம் கற்றவன் அல்லேன். ஆயினும் ஒரு குடும்பத்தின் அனுபவம் பல குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்னும் நம்பிக்கையால் எழுதுகிறேன். பிழை காணும் அன்பர்கள் பொறுத்தருள்க.

ஓசூர் சாலையின் இருமருங்கிலும் பொம்மனஹள்ளி, ஹொங்கசந்திரா, பேகூர், மங்கம்மனபாளையா முதலிய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் கதை பெரும்பாலும் ஒன்றே. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோம். ஆடவர் கட்டட வேலைக்கும், பெண்டிர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் சென்றனர். அடுத்த தலைமுறை கல்லூரி வாயிலை மிதித்தது. என் தமக்கையும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தே தன் மகளைச் சட்டம் படிக்க வைத்தாள். எங்கள் குலத்தில் கறுப்பு அங்கி அணிந்த முதல் பிள்ளை அவளே. பதிவு செய்துகொண்ட அன்று எடுத்த நிழற்படம் இன்றும் தமக்கை வீட்டுக் கூடத்தில், சாமி படங்களுக்கு அடுத்து, மாலையிட்டுத் தொங்குகிறது.

முதல் நாள் அவள் சேர்ந்த அலுவலகத்து மூத்தவர், "இந்த வக்காலத்தைத் தாக்கல் செய்துவிட்டு, அடுத்த வாய்தாவைக் குறித்துக்கொண்டு வா, அம்மா" என்று சொல்லி அனுப்பினார். அரசியலமைப்புச் சட்டத்தின் பிரிவுகளை வரிசையாக ஒப்பிக்கக் கூடியவளுக்கு, முத்திரை வில்லையை எங்கே ஒட்டுவது, எந்த இடத்தில் யார் கையொப்பமிடுவது என்பது தெரியவில்லை. தாள் திரும்பி வந்தது. அன்றிரவு அவள் உணவு கொள்ளவில்லை. "மாமா, ஐந்து வருஷம் வீணாய்ப் போயிற்றோ?" என்று என்னிடம் கேட்டாள். வீணாகவில்லை என்று சொன்னேன். ஆனால் அதற்கு மேல் என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

பயிற்சி மறைந்த வரலாறு

முற்காலத்தில் இத்தகைய இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்கவில்லை. பழைய சென்னை மாகாணத்தில் சட்டப் பட்டம் பெற்றவர், ஓராண்டு மூத்த வழக்கறிஞரிடம் பயிலுநராக இருந்து, பார் கவுன்சில் நடத்திய தேர்விலும் தேறிய பின்னரே தொழிலில் இறங்க முடிந்தது. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டமும் தொடக்கத்தில் பயிற்சியையும் தேர்வையும் பதிவுக்கு முன் நிபந்தனைகளாக வைத்திருந்தது. 1973-ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பகுதியை நீக்கிவிட்டது. அதன் பின் பட்டம் பெற்றவர் நேரே பதிவு செய்துகொள்ளலாம் என்றாயிற்று.

இதன் குறையை உணர்ந்த இந்திய பார் கவுன்சில், 1995-இல் ஓராண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கி விதிகள் செய்தது. 1999-இல் சுதீர் என்பார் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்திலிருந்து நீக்கப்பட்டதை விதியின் மூலம் திரும்பக் கொண்டுவரும் அதிகாரம் கவுன்சிலுக்கு இல்லை என்று கூறி அவ்விதிகளைச் செல்லாதனவாக்கியது. பின்னர் 2011 மார்ச்சுத் திங்களில் அகில இந்திய வழக்கறிஞர் தேர்வு முதன்முறையாக நடைபெற்றது. 2023 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு அமர்வு அத்தேர்வு செல்லும் என்று உறுதி செய்தது. தமிழிலும் கன்னடத்திலும் எழுதக்கூடிய அத்தேர்வில் நூறு வினாக்களுக்கு விடை தேர்ந்தெடுக்க வேண்டும். சட்டத்தை அறிந்தவரா என்பதை அது காட்டும். ஒரு பிராதை எழுதத் தெரிந்தவரா, ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்தவரா என்பதைக் காட்டாது.

கல்லூரியில் பயிற்சியே இல்லை என்று சொல்வதும் நியாயமாகாது. 2008-ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகளின்படி வரைவெழுதுதல், தொழில் ஒழுக்கம், சமரசத் தீர்வு, மாதிரி நீதிமன்றம் என நான்கு செய்முறைப் பாடங்கள் உண்டு. ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் களப்பயிற்சி பெற வேண்டும் என்பதும் விதி. ஆனால் வழக்கறிஞர் உறவினர் உள்ள மாணவருக்கு அவ்வாரங்கள் பயிற்சியாக அமைகின்றன. நம்மவர் வீட்டுப் பிள்ளைக்கோ பெரும்பாலும் ஒரு சான்றிதழாக மட்டும் முடிந்துவிடுகின்றன.

இனி வருவாயைக் கருதுவோம். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பல அலுவலகங்களில் பேருந்துக் கட்டணம் கிடைத்தாலே பெரிது. 2024 சூன் திங்களில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவை நகரங்களில் இளம் வழக்கறிஞருக்குத் திங்கள்தோறும் 20,000 ரூபாயும், பிற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் குறைந்த அளவாக வழங்கச் சுற்றறிக்கை விடுமாறு பணித்தது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகர்ப்புறத்துக்கு 20,000, நாட்டுப்புறத்துக்கு 15,000 என்று நாடு முழுமைக்கும் அறிவுரை கூறியது. அறிவுரை தாளில் இருக்கிறது. அது எல்லா அலுவலகங்களின் பணப்பெட்டிக்கும் இன்னும் வந்து சேரவில்லை.

இரண்டு வகுப்புகள்

இந்நிலையில்தான் கைப்பேசியில் விளம்பரங்கள் வரத் தொடங்கின. "வீட்டிலிருந்தே வழக்கறிஞர் பயிற்சி", "மூன்று மாதத்தில் வெற்றி" என்றெல்லாம் அவை முழங்கின. என் மருமகள் ஒன்றைக் காட்டினாள். கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவு. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கிக் கட்டினேன்.

அறுபது பாடங்கள், அனைத்தும் முன்னரே பதிவு செய்யப்பட்டவை. பேசியவர் நன்றாகவே பேசினார். ஆனால் ஐயம் கேட்டால் பதில் இல்லை. எழுதி அனுப்பிய வரைவைத் திருத்தித் தருவார் இல்லை. இறுதியில் பொன்னிற ஓரமிட்ட சான்றிதழ் ஒன்று வந்தது. கடனுக்குரிய பிடித்தமோ மாதந்தோறும் என் சம்பளப் பட்டியலில் தொடர்ந்து வந்தது. கறிக்கு உதவாத ஏட்டுச் சுரைக்காயை, இம்முறை திரையில் வாங்கினோம் என்று உணர்ந்தேன்.

சில திங்கள் கழித்து உடன் பயின்ற தோழி ஒருத்தி மூலம் வேறொரு மாலை வகுப்பைப் பற்றி அவள் அறிந்தாள். அதுவும் இணையவழி வகுப்பே. ஆனால் பன்னிருவர் மட்டுமே அதில் இருந்தனர். இளைப்பாறிய நீதிமன்ற அலுவலர் ஒருவரும், தொழிலில் உள்ள வழக்கறிஞர் இருவரும் நடத்தினர். கட்டணம் முன்னதில் ஆறில் ஒரு பங்கு. வாரந்தோறும் ஒரு கற்பனை வழக்கின் கட்டினைக் கொடுப்பார்கள். ஒருவர் வாதியின் வழக்கறிஞர், மற்றவர் பிரதிவாதியின் வழக்கறிஞர். எழுதி அனுப்பியது சிவப்பு மையால் திருத்தப்பட்டுத் திரும்பி வரும். சனிக்கிழமை மாலை திரையின் முன் நின்று வாதிட வேண்டும். தமக்கை வீட்டில் ஒரே அறை. இவள் வாதிடும்போது அடுப்படியில் குக்கர் சீழ்க்கை அடிக்கும். திரையில் நீதிபதியாக அமர்ந்த பெரியவர், "சாட்சி குறுக்கிடுகிறார் போலும்" என்று நகைத்துவிட்டு மேலே நடத்துவார்.

ஒருமுறை திரும்பிய காசோலை பற்றிய பாடம் வந்தது. வங்கி காசோலையைத் திருப்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பைப் பெற்றவருக்குப் பணம் செலுத்த 15 நாள் அவகாசம் உண்டு. அது கழிந்தபின் ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். இதனை அவள் முன்பே பதிவுப் பாடத்தில் கேட்டிருந்தாள், தேர்விலும் சரியாக விடையளித்திருந்தாள். ஆயினும் தேதிகளைக் கொடுத்து, எண்ணி எழுது என்றபோது, காசோலையில் இட்ட தேதியிலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டாள். "உன் கட்சிக்காரர் இன்று தோற்றார்" என்று சிவப்பு மையில் ஒரு வரி திரும்பி வந்தது. அவ்வரியை அவள் மேசைக்கு மேல் ஒட்டி வைத்தாள்.

இது நடந்து நான்கு திங்களுக்குப்பின், எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் அம்மையார் ஒருவர் கண்ணீருடன் வந்தார். மகளின் திருமணத்துக்குச் சேர்த்த எண்பதாயிரம் ரூபாயை ஒருவருக்குக் கைமாற்றாகக் கொடுத்திருந்தார். திருப்பித் தந்த காசோலை பணமின்றித் திரும்பிவிட்டது. இன்று நாளை என்று அந்த மனிதர் சொன்ன வார்த்தையை நம்பி அம்மையார் காத்திருந்தார். என் மருமகள் வங்கிச் சீட்டை வாங்கி விரல்விட்டு எண்ணினாள். இருபத்தாறு நாட்கள் கழிந்திருந்தன. அன்றிரவே அறிவிப்பை எழுதி, மூத்தவரிடம் காட்டி ஒப்புதல் பெற்று, மறுநாள் காலை பதிவு அஞ்சலில் சேர்த்தாள். அறிவிப்பைக் கண்ட அந்த மனிதர், இரண்டு தவணையாகப் பணத்தைத் தந்து தீர்த்தார். நீதிமன்றப் படி ஏறவே தேவைப்படவில்லை. நான்கு நாள் தவறியிருந்தால் அந்தத் தாயின் வழி எவ்வளவு கடினமாகியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். பயிற்சி என்பது வழக்கறிஞரின் பெருமைக்காக அன்று. அவரை நம்பி வருகிற ஏழையின் உடைமைக்காகவே அது தேவைப்படுகிறது.

கடல் கடந்த நாட்டில்

இணையவழிப் பயிற்சி என்பதையே இகழ்வோர் உளர். அவர்கள் கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தைப் பார்க்க வேண்டும். நம் தமிழர் பெருந்தொகையினர் வாழும் டொராண்டோ மாநகரம் அங்கேதான் உள்ளது. அந்நாட்டில் புதிய சட்டப் பட்டதாரி ஒருவர் மூத்தவரிடம் பயிற்சி பெற்றே உரிமம் அடைய வேண்டும். பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் பலர் தவித்தனர். எனவே 2014-இல் மாற்று வழி ஒன்று தொடங்கப்பட்டது. நான்கு திங்கள் பெரும்பாலும் இணையவழியாகப் பயிற்சி, அடுத்த நான்கு திங்கள் உண்மையான அலுவலகத்தில் வேலை. பயிற்சிக் காலத்தில் மாணவர்கள் சிறு சிறு குழுவாகக் கற்பனை அலுவலகங்கள் அமைத்து, கற்பனைக் கட்சிக்காரரின் வழக்குகளை நடத்துகின்றனர். தொழிலில் உள்ள வழக்கறிஞர் ஒருவர் ஒவ்வொரு குழுவையும் கண்காணித்துத் திருத்துகிறார். பிற நாடுகளில் சட்டம் பயின்று குடியேறியவர்க்கும், அங்கே தெரிந்தவர் எவரும் இல்லாதவர்க்கும் இது பெரிதும் பயன்பட்டது. 2018-இல் இம்முறையை நிலையாகத் தொடர அங்குள்ள சட்டச் சங்கம் முடிவு செய்தது.

இதில் நாம் கொள்ளத்தக்க பாடம் யாது? திரையில் பார்ப்பது மட்டும் பயிற்சி ஆகாது. திரையின் வழியே செய்து, திருத்தப்பட்டு, பின்னர் நேரில் பணிபுரிந்தால்தான் அது பயிற்சியாகும். எங்கள் ரயில்வேயிலும் இவ்வாறே. ஓட்டுநராகச் சேர்ந்தவர், மெய்யான எஞ்சினைப் போன்ற பாவனை இயந்திரத்தில் அமர்ந்து பழகுகிறார். ஆயினும் புதிய தடத்தில் அவரைத் தனியே விடுவதில்லை. தடம் அறிந்தவருடன் பயணம் செய்து, வளைவும் மேடும் சைகைக் கம்பமும் தெரிந்துகொண்டு, வழி அறிந்தேன் என்று கையெழுத்திட்ட பின்னரே வண்டி அவர் கைக்கு வரும். இருப்புப்பாதையில் செல்வோரின் உயிருக்குக் காட்டும் கவனத்தை, நீதிமன்றத்துக்கு வருவோரின் வாழ்வுக்கும் காட்டுதல் தகாதா?

கட்டணமின்றிக் கிடைப்பவை

பணம் கட்டுமுன் நம் பிள்ளைகள் இலவசமாகக் கிடைப்பவற்றை முற்றும் பயன்படுத்த வேண்டும். 2017-இல் ஸ்வப்னில் திரிபாதி என்னும் சட்ட மாணவர், பயிற்சி மாணவரைச் சில நாட்களில் உச்ச நீதிமன்றத்துள் விடுவதில்லை என்னும் குறையோடு வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கின் பயனாக, நடவடிக்கைகளை மக்கள் நேரலையில் காணலாம் என்னும் தீர்ப்புக் கிடைத்தது. இன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வுகளையும், கருநாடக உயர் நீதிமன்றத்தின் விசாரணைகளையும் பொம்மனஹள்ளியில் இருந்தபடியே காணலாம். 2023 சனவரி முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதிகள் கட்டணமின்றி இணையத்தில் கிடைக்கின்றன. நடுவண் அரசின் சட்டங்கள் 'இந்தியா கோடு' தளத்தில் உள்ளன. 2017-இல் தொடங்கிய 'ஸ்வயம்' தளத்தில் சட்டப் பாடங்கள் பல உள்ளன. அவற்றைக் கேட்பதற்குக் கட்டணம் இல்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே உண்டு. உச்ச நீதிமன்றத்தின் மின்னணுக் குழு, வழக்குகளை இணையவழித் தாக்கல் செய்வது குறித்து வழக்கறிஞர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தி வருகிறது.

மற்றொரு நல்வாய்ப்பும் உண்டு. 2024 சூலை முதல் நாள், பழைய தண்டனைச் சட்டமும் குற்ற நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் மாறி, புதிய மூன்று சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. முப்பதாண்டு அனுபவம் உடையவரும் புதிய பிரிவு எண்களை மீண்டும் கற்க வேண்டியவரானார். மூத்தவரும் இளையவரும் ஒரே வகுப்பில் அமரும் காலம் இது. ஊன்றிப் படித்த இளைஞர் மூத்தவருக்கும் துணையாகலாம்.

குடும்பத்தார் கவனத்துக்கு

பெற்றோர் சில செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, இணையவழியிலோ அஞ்சல் வழியிலோ பெற்ற சட்டப் பட்டத்தைக் கொண்டு வழக்கறிஞராகப் பதிவு செய்ய இயலாது. பதிவு செய்துகொண்டவருக்குக் கூடுதல் பயிற்சி என்பது வேறு, பட்டம் என்பது வேறு. எந்தப் பயிற்சிச் சான்றிதழும் வாதாடும் உரிமையைத் தராது.

இரண்டாவது, பதிவுக் கட்டணம் என்று பல்லாயிரம் கேட்ட காலம் மாறிவிட்டது. 2024 சூலை 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்க்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கும் மேல் பார் கவுன்சில்கள் பதிவுக் கட்டணம் பெறக்கூடாது என்று தீர்ப்பளித்தது. முத்திரைத் தீர்வை இருப்பின் அது தனி.

மூன்றாவது, பயிற்சி முடித்ததும் கம்பெனியில் மாதச் சம்பளம் என்று ஆசை காட்டுவோரிடம், அது முழுநேர வேலையா என்று கேளுங்கள். முழுநேரச் சம்பள ஊழியராக இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய விதி இடந்தராது.

நான்காவது, எந்த வகுப்பில் சேருமுன்னும் மூன்று வினாக்கள் கேளுங்கள். எழுதியதைத் திருத்தித் தருவாரா? கற்பிப்பவர் இன்றும் நீதிமன்றம் செல்பவரா, அல்லது அங்குப் பணிபுரிந்தவரா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? விடை தெளிவாக வராத இடத்தில் பணத்தைக் கட்டாதீர்கள். நான் கேட்காமல் கட்டினேன். அந்தக் கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாவது, கன்னடம். கருநாடகத்தின் கீழ்நிலை நீதிமன்றங்களில் சாட்சியமும் விசாரணையும் பெரும்பாலும் கன்னடத்திலேயே நடக்கின்றன. தெருவில் பேசும் கன்னடம் அங்கே போதாது. படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும். என் மருமகள் தன் மூத்தவரின் குமாஸ்தாவிடம் பழைய பிராதுகளை வாங்கிப் படியெடுத்தே எழுத்துக் கன்னடம் கற்றாள். தமிழும் கன்னடமும் அறிந்த வழக்கறிஞர், அத்திப்பள்ளிக்கு இப்பாலும் அப்பாலும் வாழும் எத்தனையோ ஏழைகளுக்கு நாவாக விளங்கக்கூடும்.

ஆறாவது, சட்டப்பணிகள் ஆணைக்குழு. ஏழைகளுக்கு இலவச உதவி வழங்கும் இவ்வமைப்பில், குற்ற வழக்குகளுக்கான உதவி வழக்கறிஞர் பணிக்கு மூன்றாண்டுக்குக் குறைந்த அனுபவம் உடையவரும் விண்ணப்பிக்க 2022-ஆம் ஆண்டுத் திட்டம் இடமளிக்கிறது. ஊதியமும் பயிற்சியும் ஒருங்கே கிடைக்கும் இடம் அது.

திரையால் இயலாததும் உண்டு. நீதிபதி முகம் சுளிக்கும்போது வாதத்தை எங்கே நிறுத்துவது, அழும் கட்சிக்காரரை எப்படித் தேற்றுவது, எதிர்த்தரப்பு வழக்கறிஞரோடு மாலையில் காபி அருந்தும் பண்பு, இவற்றை நீதிமன்ற வராந்தாவே கற்றுத்தரும். ஆகவே வகுப்பு எவ்வளவு நன்றாயினும், காலையில் நீதிமன்றம் செல்வதை எப்பிள்ளையும் விடலாகாது. இப்போது நம் பொம்மனஹள்ளியிலிருந்தே மெட்ரோ ரயில் ஏறி, ஆர்.வி. ரோடிலும் மெஜஸ்டிக்கிலும் மாறி, உயர் நீதிமன்றத்தின் எதிரே இறங்கலாம்.

நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஒரே அறை வீட்டில் குக்கர் சீழ்க்கைக்கு இடையே வாதிடும் பிள்ளைகள் நம்மிடையே இன்னும் பலர் இருத்தல் கூடும். சங்கத்துக் கூடத்தில் வாரம் இரண்டு மாலை, ஒரு மேசையும் கணினியும் இணைய வசதியும் அவர்களுக்கென ஒதுக்கலாம். நம்மிடையே உள்ள மூத்த வழக்கறிஞப் பெருமக்கள் திங்களுக்கு ஒருநாள் சிவப்பு மையுடன் வந்து அமர்ந்தால், கட்டணம் கட்ட இயலாத பிள்ளைக்கும் திருத்துவதற்கு ஒரு கை கிடைக்கும். என் பங்காக, சனிக்கிழமை மாலைகளில் கூடத்தைத் திறந்து விளக்கேற்றி, கடைசிப் பிள்ளை எழுந்து செல்லும்வரை இருந்து பூட்டிச் செல்லும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.